தோள் வலிக்கவில்லை

இல்லை, சத்தம் கேட்டது, நிச்சயமாகக் கேட்டது, காட்டின் கூரையை யாரோ பிய்த்து எறிந்த மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகுதான் மான் துள்ளியது, துள்ளி அந்தக் குட்டை ஃபர் மரங்களுக்குள் போய் மறைந்தது, ஆக அவள் சுட்டுவிட்டாள், ட்ரூடி பெக்கர், நாற்பது தாண்டியவள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், வாழ்நாளில் முதல் முறையாக ஓர் உயிரைப் பார்த்துச் சுட்டுவிட்டாள்... பட்டதா? அதுதான் தெரியவில்லை. ஓக் மரத்தில் ஏணியோடு கட்டிய இந்தப் பரணில் உட்கார்ந்தபடி அவள் அந்த ஃபர் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டிருந்தால் எங்கே பட்டிருக்கும், நெஞ்சிலா, நெஞ்சில் என்றால் சரி, அது இந்நேரம் விழுந்திருக்கும், ஒன்றும் தெரியாமல் போயிருக்கும், ஆனால் வயிற்றில் என்றால்? வயிற்றில் பட்ட மான் மாலை வரைகூட உயிரோடு கிடக்கும் என்று அவள் கணவன் லெஸ்டர் வேட்டைப் புத்தகத்திலிருந்து படித்துக் காட்டியிருக்கிறான், படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனான். ரத்தம் என்ற சொல்லே ஆகாது அவனுக்கு, தேவாலயத்தில் ரத்ததானம் செய்யப் போய், ஊசி குத்துவதற்கு முன்பே மயங்கி, காப்பி மேசையோடு சாய்ந்தவன். அவனிடம்தான் அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள், ஒரு மானைக் காயப்படுத்திவிட்டுத் தவிக்கவிட்டேன் என்றால் துப்பாக்கியை விற்றுவிடுவேன், இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று. அவன் கேட்கவில்லை, அவளாகக் கொடுத்த வாக்கு. தானாகக் கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது?

கைபேசியை எடுத்தாள். மத்தியானம் வரை கூப்பிடக் கூடாது என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள், ஆனால் அவன் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான், அடுப்படி மேசையில் கைபேசியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருப்பான், பண்ணைகளில் பால் எடுக்கும் வண்டியை ஓட்டுகிறவன், இன்று அவனுக்கு விடுமுறை.

"என்ன ஆச்சு? விழுந்துட்டியா?"

"விழல. சுட்டுட்டேன்," என்று அவள் கிசுகிசுத்தாள்.

"ஐயோ. நீ முதல்ல உக்காரு."

"மரத்து மேல உக்காந்துதான் இருக்கேன், லெஸ்டர். அது ஓடிருச்சு."

"எறங்காத. அரை மணி நேரம் எறங்கவே கூடாது. கொட்டை எழுத்துல போட்டிருக்கான். பின்னாலயே போனா வலியோட ஓடிக்கிட்டே இருக்குமாம், விட்டுட்டா கிட்டத்துலயே படுத்துருமாம்." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, சற்றுத் தாழ்ந்த குரலில், "தோள் எப்படி இருக்கு? அன்னிக்கு மாதிரி வலிக்குதா?"

அவள் வலது தோளைக் கொஞ்சம் சுழற்றிப் பார்த்தாள். "வலிக்கல."

"வலிக்கலயா?"

"உன் சட்டை கம்பளி மாதிரி இருக்குல்ல, அதான்."

வைத்துவிட்டாள். சட்டை அவனுடையதுதான், சிவப்புக் கட்டம் போட்டது, வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு மேலாடைக்குள் கதகதப்பாகக் கிடந்தது, காலையில் அவனே வற்புறுத்திப் போட்டுவிட்டான், அவனுக்கு இருப்பதிலேயே பிடித்த சட்டை. அன்றைக்கு ஜல்லிக்குழியில் காகிதத்தட்டைச் சுட்டுப் பழகியபோது அவள் வெறும் ஸ்வெட்டரில் இருந்தாள், துப்பாக்கி உதைத்த உதையில் தோள் கன்றி ப்ளம் பழ நிறத்துக்கு வந்துவிட்டது, லெஸ்டர் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை அதன்மேல் வைத்துக்கொண்டு ராத்திரிச் செய்தி முடியும் வரை பிடித்திருந்தான், செய்தி முடிந்ததும் அந்தப் பட்டாணியையே வேகவைத்துத் தின்றார்கள். இழு, தள்ளு, சுடு, இழு, தள்ளு, சுடு... துப்பாக்கியின் தாழ்ப்பாளைப் பின்னால் இழுத்தால் பழைய தோட்டாக்கூடு வெளியே தெறிக்கும், முன்னால் தள்ளினால் புதியது உள்ளே போகும், அது கைக்கு வர வேண்டும் என்று எத்தனை சாயங்காலம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஊரில் எல்லோருக்கும் அப்பன், மாமன், அண்ணன் யாராவது இருந்தார்கள், பன்னிரண்டு வயதிலேயே காட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள், மில்வாக்கி நகரத்திலிருந்து வந்து குடியேறிய இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? காட்டுக்குச் சொந்தக்காரர் ஆர்லோ டெஸ்மரிடம் கேட்டுப் பார்த்தாள், லெஸ்டர் தினமும் பால் எடுக்கும் பண்ணை அவருடையது. அவர் ஒரு மாட்டின் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "உக்காரணும்னா தாராளமா உக்காரும்மா, காடு பெரிசு. சொல்லிக்கொடுன்னு மட்டும் கேக்காத. எங்கப்பா எனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்னு நெனைக்கிற? வாயை மூடு. அவ்வளவுதான். நாப்பது வருசமா அதை வெச்சுத்தான் ஓட்டுறேன்."

காற்று இல்லை. ஓக் இலை ஒன்று பனியின்மேல் விழுந்தது கூடக் கேட்டது. தூரத்தில் எங்கோ ஒரு வெடி, அதற்கும் அப்பால் இன்னொன்று, வேட்டைக் காலத்தின் முதல் சனிக்கிழமை, விஸ்கான்சின் மாநிலத்தில் பாதிப் பேர் இந்நேரம் ஏதாவது மரத்தின்மேல்தான் இருப்பார்கள். போன வருஷம்கூட அவளுக்கு இது வெறும் சத்தம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ரூபியின் மதுக்கடையில் மீன் வறுவல் தின்றுவிட்டு வரும்போது அந்தப் பெண் மான் காரின் குறுக்கே பாய்ந்தது... மோதியதில் பின்கால்கள் இரண்டும் போய்விட்டன, முன்கால்களை ஊன்றி எழப் பார்த்தது, விழுந்தது, மறுபடி எழப் பார்த்தது. லெஸ்டர் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்துவிட்டான். அவள் மட்டும் நின்றாள், விளக்கு வெளிச்சத்தில் அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டு, கையில் ஒன்றுமில்லாமல், தலையில் ஒரு யோசனையுமில்லாமல். பேருந்து நிறையப் பிள்ளைகளைப் பனியில் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லையே! கடைசியில் யாரோ ஒருவன் வண்டியை நிறுத்தி, துப்பாக்கியை எடுத்து, ஒரு நொடியில் முடித்துவிட்டு, கறி வேண்டுமா என்று கேட்டான். அவனே அதை அவர்கள் காரில் ஏற்றிவிட்டான். குளிர்காலம் முழுக்க அதைத் தின்றார்கள், லெஸ்டருக்கு ரத்தம்தான் ஆகாது, தொத்திறைச்சி நன்றாகவே ஆகும். ஒவ்வொரு கவளத்துக்கும் அவளுக்கு அந்தக் கண் ஞாபகம் வந்தது, வெறுப்பாக அல்ல, கடன்பட்டவள் மாதிரியும் அல்ல, எப்படிச் சொல்வது, அறிமுகமான ஒருத்தியின் கண் மாதிரி. அடுத்த தடவை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். லெஸ்டர் மறுநாளே நூலகத்திலிருந்து புத்தகத்தோடு வந்தான்.

இப்போது தெரிந்துவிட்டதா? இந்த மான் வந்தபோது எப்படி வந்தது, வரவில்லை, முதலில் இல்லாமலிருந்தது, பிறகு இருந்தது, அவ்வளவுதான், ஃபர் மரத்தடியில் பழுப்பாக, காதைத் திருப்பிக்கொண்டு, இவ்வளவு அழகாகவா இருக்கும், மூக்கில் ஈரம்கூடத் தெரிந்தது, கொம்பின் ஒரு கிளை முறிந்திருந்தது, நேராக அவளைப் பார்த்தது. அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். அதற்குப் பிறகு... அதற்குப் பிறகு என்ன? சத்தம். நடுவில் ஏதோ இருக்க வேண்டுமே, தூங்கி எழுந்தவளுக்குக் கனவின் நடுப்பகுதி போய்விட்ட மாதிரி. ரூபியின் கடையில் கூரை முழுக்கச் சட்டை வால்கள் தொங்குகின்றன, மானைச் சுட்டுத் தவறவிட்டவர்களின் சட்டைப் பின்பகுதியைத் தோழர்கள் கத்தரித்துப் பெயரும் வருஷமும் எழுதி ஆணியடித்துவிடுவார்கள், அதன் கீழேதான் அவளும் லெஸ்டரும் இத்தனை வருஷமாக மீன் தின்றார்கள், என்ன விளையாட்டு இது என்று நினைத்தபடி. கடவுளே, தவறியிருக்கட்டும். லெஸ்டரின் சட்டையை இடுப்பு வரை வெட்டிக்கொள்ளட்டும், தவறியிருந்தால் போதும்.

அரை மணி ஆயிற்று. இறங்குவதற்கு முன் தோட்டாக்களை எடுத்துவிட வேண்டும், அது விதி. தாழ்ப்பாளை இழுத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. காலையில் நான்கு போட்டாள், நான்கும் இல்லை. நான்கு தடவை சுட்டேனா? ஒரு சத்தம்தானே கேட்டது, எப்படி நான்கு, அந்த அறிமுகமான கண்ணைப் பார்த்து நான்கு தடவையா... துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி இறக்கி, தானும் இறங்கி, கால் தரையில் பட்டதும் வேறெதையும் பார்க்காமல், பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள். துடித்துக்கொண்டு கிடந்தால் முடித்துவிட வேண்டும். முடிப்பேன். எப்படியும் முடிப்பேன்.

மான் நின்ற இடத்தில் குளம்படிகள் ஆழமாக இருந்தன. மயிர் இல்லை. ரத்தம் இல்லை. குனிந்து, தவழாத குறையாகப் பார்த்தாள், வெள்ளை, வெள்ளை, ஓர் இலை, வெள்ளை. தடம் ஃபர் மரங்களுக்குள் போனது, பின்னாலேயே போனாள், உள்ளே நுழைந்து சற்றுத் தூரத்தில் தடம் நின்றுவிட்டது. நின்று, திரும்பியிருந்தது. அந்த இடத்தில் பனி மிதிபட்டுக் குழைந்திருந்தது, மூத்திரம் விழுந்து மஞ்சளாக ஒரு துளை, குளம்புகள் எல்லாம் ஒரே பக்கம் நோக்கி. அவளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், கிளைகளின் இடைவெளியில் அவளுடைய ஓக் மரம் தெரிந்தது, பரண் தெரிந்தது. அவள் மேலே உட்கார்ந்து அதைப் பற்றியே கிசுகிசுத்துக்கொண்டிருந்தபோது, அது இங்கே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்போதுதான் ஒரு குச்சி முறிந்தது, தலைநிமிர்ந்தாள், முறிந்த கொம்பு, வெள்ளை வால், விழுந்து கிடந்த மரத்தை ஒரே தாவலில் தாண்டிப் போயிற்று, நான்கு கால்களிலும் எந்தக் குறையுமில்லாமல், ஒரு பிள்ளை மாதிரி விளையாட்டாக. துப்பாக்கி அவள் கையில் கீழ்நோக்கியே இருந்தது. "போ," என்றாள் சத்தமாக, ஏன் அழுகிறேன் என்று தெரியாமல்.

துப்பாக்கியைக் காலியாக்கிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பிய பிறகுதான் அவற்றைப் பார்த்தாள். ஏணியின் வலப்பக்கம், பனியில், யாரோ சுண்டுவிரலால் குத்தியது போலச் சிறு சிறு ஓட்டைகள். ஒன்றில் விரலை விட்டாள். தோட்டா. கூடு அல்ல, முழுத் தோட்டா, முனையில் குண்டு அப்படியே இருந்தது. இன்னொன்று. இன்னொன்று. நான்கும். பனியில் உட்கார்ந்துவிட்டாள். இழு, தள்ளு, இழு, தள்ளு... மானைப் பார்த்துக்கொண்டே, விசையைத் தொடாமலே, தாழ்ப்பாளை மட்டும் இழுத்து இழுத்து, நல்ல தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எறிந்திருக்கிறாள், சுட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பிலேயே. அந்தச் சத்தம், பக்கத்து மேட்டில் தானும் மானுக்குக் காத்திருக்கும் ஆர்லோவின் துப்பாக்கியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மான் மிரண்டது அவருடைய வெடிக்கு.

"லெஸ்டர், நான் சுடவே இல்ல." கைபேசியில் அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான், பிறகு சிரித்தான், சிரிப்பு இருமலாகி மறுபடி சிரிப்பானது.

"அம்மா தாயே, தோட்டாவ அது மேல எறிஞ்சிருந்தா ஒண்ணாவது பட்டிருக்கும்."

"சிரிக்காத. உன் சட்டை தப்பிச்சுதுன்னு சந்தோஷப்படு."

"எப்படித் தப்பிச்சுது? சுட்டுத் தவறினா வெட்டுவாங்க. சுடாமலே தவறினா என்ன சட்டம்? ஆர்லோவக் கேளு."

"வாயை மூடுன்னு சொல்லுவார்."

"சூப்பு வெச்சிருக்கேன். வர்றியா, இருக்கியா?"

இருக்கிறேன் என்றாள், யோசிக்காமல். துப்பாக்கியைக் கயிற்றில் கட்டினாள், தோட்டாக்கள் பையில் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிட, ஏணியில் ஏறினாள். கை பயந்ததா, இல்லை, கைக்கு மட்டும் ஏதோ தெரிந்திருந்ததா, அந்த ஒரு விரல் மட்டும் ஏன் அசையவில்லை... நிம்மதியாக இருந்தது, உடம்பெல்லாம் நிம்மதி, மான் எங்கோ தாவிக்கொண்டிருக்கிறது, வாக்கு வாக்காகவே இருக்கிறது. மேலே போய் உட்கார்ந்து தோளைத் தொட்டாள், ப்ளம் பழ நிறம் ஏறியிருந்த அதே இடம், அழுத்திப் பார்த்தாள், கொஞ்சம்கூட வலிக்கவில்லை, துப்பாக்கி உதைத்துக் கொஞ்சமாவது வலித்திருக்கலாம் என்று நெஞ்சின் ஒரு மூலை சொன்னது... அந்த மூலை எப்போதிலிருந்து அங்கே இருக்கிறது?