பார்ட்னர் ஸ்கூலுக்கு ஒரு கேள்வி

பட்டுவின் பள்ளிக்கூடத்தில் புலம்பெயர்தல் என்று ஒரு பாடம் ஆரம்பித்த நாளிலிருந்தே எனக்கு அது பிடிக்கவில்லை. பட்டு என் அக்கா மகள். அக்கா கடல் தாண்டி ஒரு வீட்டில் வேலைக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. நடுவில் ஒரே ஒரு தடவை வந்துபோனாள். பட்டுவின் அப்பா இருந்தும் இல்லாதவர். அவரைப் பற்றி இதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் வீண். ஆக, பட்டு என்னிடம்தான் வளர்கிறாள். பதினோரு வயதுக்குள் புலம்பெயர்தலைக் கரைத்துக் குடித்துவிட்ட பிள்ளைக்கு அதைப் பாடமாக வேறு நடத்த வேண்டுமா?

சமூகப் பாட டீச்சர் நல்ல பெண்தான். உற்சாகம் மட்டும் கொஞ்சம் தூக்கல். கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் தள்ளும் காரணங்கள், இன்னொரு பக்கம் இழுக்கும் காரணங்கள் என்று எழுதிப் போட்டிருக்கிறாள். பட்டு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, அம்மாவை நம் ஊர் தள்ளியதா, அந்த நாடு இழுத்ததா என்று என்னிடம் கேட்டாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே பில் போட்டுவிட்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? தள்ளியது யார் என்று பெயர், விலாசத்தோடு சொல்ல எனக்குத் தெரியும். வாயை அடக்கிக்கொண்டு, இரண்டும்தான் என்று எழுதச் சொன்னேன். அதற்கு முழு மார்க் வந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அக்கா வேலை பார்க்கும் வீட்டு மேடம் அங்கே ஒரு பள்ளியில் டீச்சர். வெளிநாட்டுப் பள்ளி ஒன்றோடு சேர்ந்து இதே பாடத்தை நடத்தவேண்டும் என்று அவர்கள் பள்ளியில் முடிவாகியிருக்கிறது. சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, என் மகள் படிக்கிற ஸ்கூல் இருக்கிறதே என்று வாயை விட்டிருக்கிறாள். அவ்வளவுதான். இரண்டு தலைமையாசிரியர்களும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். எங்கள் பள்ளிக்கு ஒரு பார்ட்னர் ஸ்கூல் கிடைத்துவிட்டது.

திட்டம் சுலபமானது. ஊர்விட்டு ஊர் போன ஒருவரைப் பற்றி ஒவ்வொரு பிள்ளையும் சின்னதாக ஒரு படமோ வீடியோவோ தயாரிக்க வேண்டும். கடைசி நாளில் இரண்டு வகுப்பும் திரையில் சந்தித்து, அவற்றைக் காட்டி, ஒருவரையொருவர் கேள்வி கேட்க வேண்டும். பெற்றோர்களும் வரலாம். எங்கள் டீச்சரின் ஆங்கிலமும் அந்த மேடத்தின் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று புரிகிற ரகம் இல்லை. அதனால் மேடம் ஒரு யோசனை சொன்னாராம். எங்கள் வீட்டிலேயே இரண்டு பாஷையும் தெரிந்த ஆள் இருக்கிறாளே, அவளே இரண்டு பக்கமும் பேசிவிடட்டும் என்று. அக்காதான் மொழிபெயர்ப்பாளர்.

போனில் அக்கா சிரித்தாள், ஆனால் குரலில் பயம் இருந்தது. அந்த மாதக் கடைசியில் அவளுடைய பெர்மிட்டுக்கு மேடம் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் இன்னும் இரண்டு வருஷ வேலை, வருஷக் கடைசியில் ஒரு மாத லீவு, அவள் வீட்டுக்கு வருவாள். போடாவிட்டால் ஏஜென்ட் அவளை அங்கிருந்தே இன்னொரு நாட்டுக்குத் திருப்பிவிடுவான். அங்கே மூன்று வருஷத்துக்கு ஊர்ப்பக்கமே தலைகாட்ட முடியாது. இந்த இன்னொரு நாட்டு விஷயத்தைப் பட்டுவிடம் மூச்சு விடக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள். பிள்ளை மனசு உடைந்துவிடும் என்றாள்.

நானும் அதைச் சொல்லவில்லை. ஆனால் பட்டுவுக்கு வாய் நீளம். அது எங்கள் குடும்பச் சொத்து. அதனால் அந்த வாரம் முழுக்க, தலை பின்னும்போதும் சோறு போடும்போதும் ஒரே பாட்டைப் பாடினேன். அடக்கமாகப் பேசு, மேடத்துக்குக் கோபம் வந்தால் அம்மாவை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று. பட்டு தலையை ஆட்டினாள். அவள் பாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தாள்.

அவள் வரைந்தது அவள் அம்மாவின் அறையை. அக்கா எப்போது வீடியோவில் கூப்பிட்டாலும் அந்த அறையிலிருந்துதான் பேசுவாள். மஞ்சள் திரைச்சீலை, கூரையில் ஒட்டிய நட்சத்திரங்கள், அலமாரி நிறைய பொம்மைகள். பொம்மை எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். மேடத்தின் மகள் சாமான்களைக் கொஞ்சம் இங்கே வைத்திருக்கிறாள் என்றாள் அக்கா. எனக்கு அப்போதே லேசாக நெருடியது. பட்டுவுக்கு எதுவும் நெருடவில்லை. எங்க அம்மா ரூம் நம்ம வீடு மொத்தத்தையும் விடப் பெரிசு என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த நாள் வந்தது. கடையில் அரை நாள் லீவு கேட்டு, முதலாளியிடம் அரை நாளுக்கான பேச்சையும் வாங்கிக்கொண்டு போனேன். பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் ஜன்னல்களைச் சாத்தி, சுவரில் படம் விழ வைத்திருந்தார்கள். பெற்றோர்களுக்குப் பிள்ளைகளின் பெஞ்சு. முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். திரையில் அந்தப் பக்கத்து வகுப்பு, வரிசையாகப் பிள்ளைகள், முன்னால் மேடம். சிரித்த முகம், கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் அக்கா. யாருடையதோ ஒரு நல்ல கோட்டு போட்டிருந்தாள், தோள்பட்டை கொஞ்சம் தொங்கியது. அவள் இடுப்பில் சாய்ந்தபடி மேடத்தின் மகள். பத்து வயது, அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். அக்கா அவளைப் பாப்பா என்பாள். கைக்குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. பட்டு அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

போனிலேயே பேசிப் பேசி, பட்டு அவள் அம்மாவை வாங்க, போங்க என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்து ரொம்ப நாளாயிற்று. என்னிடம்தான் வாடி போடி என்று சொல்லாத குறையாகப் பேசுவாள். அதுவும் எனக்கு அன்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது.

முதலில் எங்கள் பிள்ளைகள் காட்டினார்கள். ஒருத்தியின் மாமா லாரி ஓட்டுகிறார், ஒருவனின் அண்ணன் கட்டட வேலை. அக்கா திக்காமல் திணறாமல் அந்தப் பாஷைக்கு மாற்றிச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டு எழுந்து தன் படத்தை விரித்துப் பிடித்தாள். "இது எங்க அம்மாவோட ரூம்" என்று சொல்லிவிட்டு, திரைச்சீலை, நட்சத்திரம், பொம்மை என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அக்கா அதை மொழிபெயர்த்தபோது குரல் இறங்கியது. அந்தப் பக்கம் பிள்ளைகள் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் மட்டும் எதையும் கவனிக்காமல் கைதட்டினார்.

பிறகு பாப்பாவின் வீடியோ. அம்மாவுக்கும் தெரியாமல், ஆன்ட்டிக்கும் தெரியாமல், ஆச்சரியமாக இருக்கட்டும் என்று எடுத்ததாம். எங்கள் வீட்டு ஆன்ட்டியின் ஒரு நாள் என்று அதற்குப் பெயர். அக்கா ரொட்டி சுடுகிறாள், காலுறை மடிக்கிறாள், நாயைக் குளிப்பாட்டுகிறாள், நாய் அவளைக் குளிப்பாட்டுகிறது. எல்லோரும் சிரித்தோம். அடுத்து மஞ்சள் திரைச்சீலை வந்தது. பாப்பா ஏதோ சொன்னாள்.

"இது என்னோட ரூம்னு பாப்பா சொல்றா" என்றாள் அக்கா.

எங்கள் பக்கம் ஒரு பையன் பட்டுவின் படத்தையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தான். டீச்சர் அவனை முறைத்தாள். படம் நிற்கவில்லை. பாப்பா கேமராவோடு படிக்கட்டில் இறங்கி, சமையலறையைத் தாண்டி, ஒரு சின்ன இடத்துக்குள் நுழைந்தாள். துணி துவைக்கும் மெஷின், அதன்மேல் சோப்புத்தூள் டப்பா. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மடக்குக் கட்டில். தலையணைக்கு மேலே சுவரில் பட்டு பள்ளிச் சீருடையில் இருக்கும் போட்டோ. கதவு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கீல்கள். பாப்பா ரொம்ப அன்பாக, அந்தப் போட்டோவைக் கிட்டக்கப் போய்க் காட்டினாள்.

"இது... துணி துவைக்கிற இடம்" என்றாள் அக்கா.

ஐந்து வருஷமாக அவள் பூசி மெழுகி வைத்திருந்ததை, ஒரு சின்னப் பெண் வீட்டுப்பாடம் செய்வதற்காக உரித்துக் காட்டிவிட்டாள். அந்தக் குழந்தைமேல் கோபப்படவும் முடியவில்லை. மேடம்மேல் கோபப்பட ஆசையாக இருந்தது. ஆனால் அவரும் அந்தப் படத்தைக் கண்ணில் நீர் கோர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் எவ்வளவு பாசமாக எடுத்திருக்கிறாள் என்று. அந்த இடத்தில் கதவு இல்லை என்பதே அவர் கண்ணில் படவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி நேரம் என்றாள் டீச்சர். யாரும் சொல்வதற்கு முன்பே பட்டு எழுந்துவிட்டாள். நான் பின்னாலிருந்து இருமினேன். செருமினேன். அவள் திரும்பவில்லை.

"அந்த மேடத்துகிட்ட கேக்கணும்" என்றாள். "எங்க அம்மா படுக்கிற எடத்துக்கு ஏன் கதவு இல்ல?"

திரையில் மேடம் ஆவலாக அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, சிரித்த முகமாகவே ஏதோ சொன்னாள். மேடத்தின் முகம் மலர்ந்தது. பட்டுவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி நீளமாக ஏதோ பதில் சொன்னார்.

"உன் படம் ரொம்ப அழகா இருக்காம் கண்ணு" என்றாள் அக்கா. "இவ்வளவு நல்லா வரையறத யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேக்கறாங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் அக்கா கெட்டிக்காரி. பட்டு உட்கார்ந்துவிடுவாள், அடுத்த பிள்ளை எழுந்திருக்கும், கையெழுத்து விழுந்துவிடும்.

பட்டு உட்காரவில்லை. "நான் அதக் கேக்கல" என்றாள்.

டீச்சர் அவசரமாக வேறு யாராவது என்று ஆரம்பித்தாள். அதற்குள் திரையிலிருந்து இன்னொரு குரல் கேட்டது. பாப்பா, அக்காவின் கோட்டைப் பிடித்து இழுத்து, அண்ணாந்து பார்த்துப் பேசினாள்.

"அவ அதக் கேக்கல. ஒன் எடத்துக்குக் கதவு ஏன் இல்லன்னு கேக்கறா. நீ ஏன் மாத்திச் சொல்ற?"

எங்கள் பாஷையில். எங்கள் வீட்டுப் பேச்சில். அக்கா செல்லக் கோபத்தில் இழுத்துப் பேசுவாளே, அதே இழுப்பில். பாதித் தூக்கத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் ஐந்து வருஷமாக அந்தக் குழந்தையின் காதில் விழுந்ததெல்லாம் என் அக்காவின் பேச்சுதானே. எங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அந்தப் பக்கம் மேடம் ஆடிப்போய்விட்டார். பெற்ற மகள் தனக்குத் தெரியாத பாஷையில் பேசுவதை அவர் அன்றுதான் கேட்கிறார் போலிருந்தது. குனிந்து மகளிடம் கேட்டார். அக்கா கையை நீட்டி அந்த வாயைப் பொத்தப் போனாள். பாப்பா அந்தக் கையைத் தள்ளிவிட்டு, திரையில் பட்டுவைக் காட்டி, அக்காவைக் காட்டி, காற்றில் கதவு மாதிரி ஒரு கட்டம் வரைந்து, எல்லாவற்றையும் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

மேடத்தின் சிரிப்பு அப்படியே இருந்தது. முகம் மட்டும் கழுத்திலிருந்து சிவந்துகொண்டு வந்தது. அவர் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் அக்காவைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மொழிபெயர்க்காததால் பாப்பாவே அந்த வேலையையும் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா சொல்றாங்க, வீட்டுல பேசிக்கலாமாம்."

எங்கள் பக்கம் அதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. அங்கே இருந்த அத்தனை பிள்ளைகளும் அந்த வார்த்தையை எப்போதாவது கேட்டு நடுங்கியவர்கள்தான். சற்று நேரத்தில் திரை கறுத்தது. நெட்வொர்க் சரியில்லை போலிருக்கிறது என்று டீச்சர் சொன்னாள்.

பட்டுவைத் தரதரவென்று வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். கை ஓங்கியும் விட்டேன். அடிக்கவில்லை. ஆனால் வாயை அடக்க முடியவில்லை. ஒரு வாரமாகக் கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னேனே, காதில் பஞ்சா வைத்திருந்தாய், இனி அந்த மேடம் கையெழுத்துப் போடுவாரா, இந்த மாதத்தோடு உன் அம்மாவை அனுப்பிவிடுவார்கள், உனக்குக் கொஞ்சமாவது புரிகிறதா என்று மூச்சுவாங்கக் கத்தினேன். போகிற வருகிற பெற்றோர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

பட்டு அழவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் நான் தேடிய பயம் துளிகூட இல்லை.

"நிஜமா அனுப்பிடுவாங்களா சித்தி?" என்றாள்.

"அனுப்பிடுவாங்கடி."

"அனுப்பினா இங்கதான வரணும்?"

மேடத்துக்குக் கோபம் வந்தால் அம்மாவை அனுப்பிவிடுவார்கள் என்று தலை பின்னும்போதெல்லாம் சொன்னவள் நான்தான். நான் மிரட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் அதை அம்மாவை வரவழைக்கிற வழியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எந்த பஸ்ல போய் கூட்டிட்டு வரணும்?" என்று கேட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த இன்னொரு நாட்டின் பெயர் என் தொண்டைவரை வந்து நின்றது. அதைச் சொல்லவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், அவள் கையைப் பிடித்தபடி நின்றேன்.