நான்காம் ஃப்ரீஸரில் அக்கா

நான்காம் ஃப்ரீஸரின் மூன்றாம் தட்டில் இருந்த ஒரு டியூப் ரத்தம், உருகினால் பேசும். மைனஸ் எண்பது டிகிரியில் கல்லாகக் கிடக்கும்வரை வாயைத் திறக்காது. வெளியே எடுத்து வைத்து ஓரத்தில் கொஞ்சம் ஈரம் தெரிந்தால் போதும், ஆரம்பித்துவிடும். பேசியது அந்த ஆய்வகத்தில் வைரஸ்களை ஆராய்ந்துவந்த பெண்ணின் அக்கா. அக்கா செத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. இதற்காக அங்கே யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பேச்சு கேட்ட முதல் வாரமே பாதுகாப்புக் குழு கூடி, மூன்று மணி நேரம் விவாதித்து, பேச்சினால் தொற்று பரவாது, ஆகவே ஆட்சேபணை இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டது. ஒரே ஒரு உறுப்பினர் மட்டும் சத்தம் அதிகம் என்று குறிப்பு எழுதினார். நியாயமான புகார்தான். உயிரோடு இருந்தபோதும் அவள் மெல்லப் பேசியவள் இல்லை.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் காய்ச்சல் வார்டில் நர்ஸ். அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் தங்கைக்குத் தலை வாரிவிட்டு, அதட்டி, படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள்தான். தங்கை ஆய்வகத்தில் சேர்ந்த ஒன்பதாம் மாதம், பேர் தெரியாத ஒரு காய்ச்சல் ஊருக்குள் வந்தது. கண் சிவக்கும், மூட்டு கழன்றுபோவதுபோல் வலிக்கும், ஆறேழு நாளில் ஆள் போய்விடும். மூன்றாவது வாரம் அக்காவுக்கே வந்தது. அவளிடம் ரத்தம் எடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. “நீங்க எல்லாம் வேடிக்கை பாருங்க” என்று சொல்லிவிட்டு, இடது கையில் பட்டையைச் சுற்றிப் பல்லால் இழுத்துக் கட்டி, தானே எடுத்தாள். லேபிளில் தன் பேரை எழுதி, அதன் கீழே பொடி எழுத்தில் ‘சீக்கிரம் பாருடி’ என்றும் எழுதி, வார்டின் சின்ன ஜன்னல் வழியாகத் தங்கையின் ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தாள்.

அந்த வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. வந்த ரத்தத்தை உறைய வைக்கும் முன் பத்துப் பன்னிரண்டு சின்ன டியூப்களில் பிரித்து ஊற்றிவிட வேண்டும். ஒருமுறை உருகியது மறுமுறை உறையும்போது கெட ஆரம்பிக்கும். பிரித்து வைத்தால் வேண்டும்போது ஒன்றை மட்டும் எடுக்கலாம், மிச்சம் பத்திரமாக இருக்கும். தங்கைக்கு இது தெரியாமல் இல்லை. பரிசோதனைக்குக் கொஞ்சம் எடுத்தாள். மிச்சத்தைப் பிரித்தால் அக்காவின் கையெழுத்து ஒட்டிய டியூபைக் கழிவுப் பையில் போட வேண்டும். மனசு வரவில்லை. அப்படியே முழுசாக உள்ளே வைத்து மூடினாள். ரிசல்ட் வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா வியாழக்கிழமையே போயிருந்தாள். தங்கை அப்போது ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி, ஆய்வகத்தில், கையுறையோடு உட்கார்ந்திருந்தாள். அக்காவை வைத்திருந்த கண்ணாடி அறைக்குள் யாரையும் விடவில்லை. அக்கா தனியாகத்தான் போனாள்.

காய்ச்சல் வந்த சுவடு தெரியாமல் எண்பத்து மூன்றாம் நாள் ஊரைவிட்டுப் போனது. மூன்று வருஷம் கழித்து, புதிய கருவி ஒன்று வந்ததும் டியூபை வெளியே எடுத்தார்கள்.

“ஏண்டி, எவ்வளவு நேரம் உக்கார வெப்ப? ரிசல்ட் வந்துச்சா?”

கை நடுங்கினால் டியூப் விழும், விழுந்தால் கட்டடத்தையே மூட வேண்டும். கையை அசைக்காமல் வைத்திருக்கும் பயிற்சிதான் அன்றைக்குத் தங்கையைக் காப்பாற்றியது. ரத்தத்துக்கு அது எடுக்கப்பட்ட செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேல் ஒன்றும் தெரியாது என்பது ஆராய்ச்சியாளருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

“இன்னும் வரலக்கா.”

“உங்க ஆபீஸ்ல எல்லாரும் தூங்குறீங்களா? சரி, என் பச்சை க்ளிப்பை நீதான எடுத்த? பொய் சொன்னா வந்து உதைப்பேன். குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா? வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க, சொல்லேன்!”

முப்பத்தெட்டு நிமிடம் இப்படி வைதாள். அப்போதைய இயக்குநர் கதவருகே நின்று முழுசாகக் கேட்டுவிட்டு, நேரத்தைப் பதிவேட்டில் குறிக்கச் சொன்னார். அந்தக் கருவி ரத்தத்தில் இருந்த வைரஸின் நாலைந்து துண்டுகளை மட்டும் படித்துவிட்டுக் கைவிரித்தது. டியூப் திரும்ப உறையப் போனது.

அதற்குப் பிறகு ஆராய்ச்சியாளரின் வாழ்க்கை முழுக்க அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்ற ஒரே கேள்வியில் கழிந்தது. குகைகளில் வலை கட்டினாள், பாழடைந்த கோடௌன்களில் எலிகளைப் பிடித்தாள், சந்தைச் சாக்கடையைப் புட்டியில் அள்ளினாள். கூட வேலை செய்தவர்கள் அவளை வவ்வாலம்மா என்று கூப்பிட்டார்கள், முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராகவே. நூற்றுப் பதினான்கு கட்டுரைகள் எழுதினாள். வேறு ஐந்து வைரஸ்களைக் கண்டுபிடித்தாள், அவற்றில் இரண்டு பல நாட்டுக் குழந்தைகளைக் காப்பாற்ற உதவின. தேடியது மட்டும் கிடைக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ள ஒருவர் ஆசைப்பட்டார், தங்கமான மனுஷன். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “உன் வீட்டுல எனக்கு எடமில்ல, அங்க ஏற்கெனவே ஒரு ஆள் இருக்காங்க” என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை.

டியூபை எடுக்கக் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஏழாம் வருஷம், அக்காவின் பிறந்த நாளன்று, காரணம் என்ற இடத்தில் ‘அளவு சரிபார்ப்பு’ என்று எழுதி எடுத்தாள். எதையும் சரிபார்க்கவில்லை. அந்தக் குரலைக் கேட்காமல் இனி ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான். கண்ணாடி முகப்புப் பெட்டிக்குள் கைகளை விட்டு டியூபைப் பிடித்துக்கொண்டு பதினாறு நிமிடம் திட்டு வாங்கினாள். வாங்கி முடித்து எழுந்தபோது உடம்பில் ரத்தம் ஊறியதுபோல் இருந்தது. ஆனால் அடுத்த முறை உருக்கியபோது அக்காவின் பேச்சிலிருந்து பச்சை க்ளிப் போயிருந்தது. அதற்கடுத்த முறை வீட்டுக்காரரும் குழாயும் போயிருந்தார்கள். பிரிக்காமல் உறைய வைத்ததற்கும், ஆசைப்பட்டு உருக்கியதற்கும் விலை அதுதான் என்று அவளுக்குத் தெரியும். ஐந்தாம் முறை அக்காவிடம் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியிருந்தது. ரிசல்ட் வந்துச்சா? ஒவ்வொரு முறையும் தங்கை அதே பதிலைச் சொன்னாள். இன்னும் வரலக்கா. அதற்குப் பிறகு எவ்வளவு துடித்தாலும் அவள் டியூபைத் தொடவில்லை. காலையில் வந்ததும் ஃப்ரீஸர் கதவில் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள்.

இருபத்தாறாம் வருஷம் காய்ச்சல் திரும்பி வந்தது. அதே சிவந்த கண், அதே மூட்டு வலி. முதல் வாரம் நாற்பத்தொரு பேருக்கு. பழைய வைரஸையும் புதியதையும் பக்கத்தில் வைத்து முழுசாகப் படித்தால், இத்தனை வருஷத்தில் மாறாத பகுதி எது என்று தெரியும். அந்தப் பகுதியைக் குறிவைத்துத்தான் நம்பகமான சோதனையும் மருந்தும் செய்ய முடியும். வேறு ஃப்ரீஸர்களில் இருந்த அன்றைய நோயாளிகளின் ரத்தமெல்லாம் ஒரு மின்தடையில் கெட்டுப்போயிருந்தது. மிஞ்சியது அக்கா மட்டும். இப்போதைய கருவி முழுசாகப் படித்துவிடும், ஆனால் டியூபில் இருக்கும் கடைசித் துளிவரை அதற்கு வேண்டும்.

புது இயக்குநர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார். “வேற வழி இருந்தா உங்ககிட்ட வந்திருக்கவே மாட்டேன் மேடம்.”

“தெரியும். நாளைக்கு எடுக்கறேன்.”

நாளை என்று ஏன் சொன்னோம் என்று அவளுக்கே பிறகு விளங்கவில்லை. மறுநாள் காலை வந்தபோது நோயாளிகள் பட்டியலில் ஆறு பேர் கூடியிருந்தார்கள், அதில் ஒருத்தி நர்ஸ். ஆராய்ச்சியாளருக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது. பையை மேசைமேல் போட்டுவிட்டு நேராக ஃப்ரீஸருக்குப் போனாள். அந்த ரத்தத்தை வைத்துப் பன்னிரண்டு நாளில் சோதனையும், அந்த வருஷ முடிவுக்குள் மருந்தும் வந்தன. இதெல்லாம் பதிவேடுகளில் இருக்கிறது. அன்று காலை நடந்தது மட்டும் அவற்றில் ஒரு வரிதான்.

அரைச் சொட்டு உருகியதும் குரல் வந்தது. மிக மெலிதாக. இப்போது யாரும் சத்தம் என்று புகார் எழுத முடியாது.

“ரிசல்ட் வந்துச்சா?”

இத்தனை வருஷப் பொய் நுனி நாக்கில் தயாராக இருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

“வந்துடுச்சுக்கா. பாசிட்டிவ்.”

கருவிக்கான தட்டின் முதல் குழிக்குள் அவள் அளந்து ஊற்றினாள், இரண்டாம் குழிக்குள் ஊற்றினாள். கண்ணீர் முகக்கவசத்துக்குள் இறங்கியது, துடைக்க முடியாது, கைகள் பெட்டிக்குள் இருந்தன. அக்காவுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது என்றுதான் நினைத்தாள்.

“நெனச்சேன்” என்றாள் அக்கா. “வார்டுல மத்தவங்க?”

“பாத்துக்கறோம்க்கா. இந்தத் தடவ விட மாட்டோம்.”

“நீ அழாத. அழுதா அளவு தப்பும்.”

“தப்பல. உனக்கு பயமா இருக்காக்கா?”

“இருக்குடி. இவ்வளவு நேரமா கேக்கணும்னு இருந்தேன், ரிசல்ட் வரட்டும்னு பேசாம இருந்துட்டேன். கொஞ்ச நேரம் பக்கத்துல இரேன்.”

“இருக்கேன்க்கா. எங்கயும் போகல.”

டியூபில் இப்போது ஒரு துளியும் இல்லை. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. காலி டியூபை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். சொன்ன நேரத்துக்குப் பெட்டியைப் பயன்படுத்த வந்த டெக்னீஷியன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“முடிஞ்சுதா மேடம்?”

“இன்னும் இல்ல. அக்கா தூங்கப் போறா.”

“அவசரமில்ல மேடம், அவங்க தூங்கட்டும்” என்று சொல்லி, அவர் ஒரு ஸ்டூலைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து போட்டுக்கொண்டு காத்திருந்தார்.