பக்காரா மேசையில் ஒரு தும்மல்

ஹொய் யிங் அக்கா சீட்டை உரித்துக்கொண்டிருந்தபோது நான் தும்மினேன்.

தப்பு முழுக்க என்னுடையது. அன்று எங்கள் சூதாட்ட விடுதியின் ஊழியர் உணவகத்தில் பன்றி இரைப்பை சூப். மிளகு அதில் ஏற்கெனவே தாராளமாக இருந்தது. போதாது என்று டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டது நான்தான்; யாரும் என் கையைப் பிடித்துத் தட்டவில்லை. அந்த மிளகு என் மூக்குக்குள் குடக்கூலி இல்லாமல் தங்கியிருந்து, மேசையில் இருந்தவர்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு நொடியைத் தேடிப் பிடித்து வெளியே வந்தது.

"ஊதிட்டான்! புள்ளிய ஊதிட்டான்!" என்று கத்தினார் குவான்.

குவானுக்கு ஊரின் வடக்கே, எல்லைச் சாவடிப் பக்கம் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. குரலும் சைலன்சர் கழற்றிய வண்டி மாதிரிதான் இருக்கும். நான் கைகளை விரித்து மேசைமேல் வைத்தேன். சீட்டுப் போடுகிறவன் பயந்துவிட்டால் அப்படித்தான் வைக்க வேண்டும், கேமராவுக்குத் தெரிகிற மாதிரி. மூக்கைத் துடைக்கக்கூட முடியவில்லை.

வேறு எங்காவது தும்மினால் பக்கத்தில் இருப்பவர் கைக்குட்டை நீட்டுவார். பக்காரா மேசையில் அது கதையே வேறு. ஆட்டம் எளிமையானதுதான், என்னையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பேங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கம். இரண்டும் வெறும் பெயர். யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்திலும் பணம் வைக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் இரண்டிரண்டு சீட்டு. கூட்டினால் ஒன்பதுக்கு எது கிட்டே வருகிறதோ அது ஜெயித்தது. படச்சீட்டுக்கும் பத்துக்கும் மதிப்பே கிடையாது. கூட்டுத்தொகை பதினைந்து வந்தால் பத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஐந்து என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டிலேயே எட்டோ ஒன்பதோ வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. குறைந்தால் மூன்றாவது சீட்டு உண்டு; அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, அதில் யார் விருப்பமும் செல்லாது. பேங்கர் ஜெயித்தால் நாங்கள் ஒரு சின்னப் பங்கைப் பிடித்துக்கொள்வோம். என் சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன், யாரும் மறுத்ததில்லை.

இவ்வளவு எளிய ஆட்டத்தில் மனிதன் செய்ய என்ன இருக்கிறது? உரிப்பது இருக்கிறது. ஒரு பக்கத்தில் யார் அதிகம் வைத்திருக்கிறாரோ, அந்தப் பக்கத்துச் சீட்டை அவரிடம் குப்புறத் தள்ளுவேன். அவர் அதை நீளவாட்டில், ஓரத்திலிருந்து, மயிரிழை மயிரிழையாக வளைத்துப் பார்ப்பார். ஓரத்தில் மூன்று புள்ளி தெரிந்தால் அது ஆறு, ஏழு, எட்டு மூன்றில் ஒன்று. நடுவில் புள்ளி இல்லையென்றால் ஆறு, ஒன்று என்றால் ஏழு, இரண்டு என்றால் எட்டு. நடுப்புள்ளி வேண்டுகிறவர்கள் "நிரப்பு, நிரப்பு!" என்று கத்துவார்கள். வேண்டாதவர்கள் ஊதுவார்கள். ஊதினால் புள்ளி பறந்துவிடும். இதைப் பல் டாக்டர்கள் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு நீதிபதியும் செய்திருக்கிறார்; அரசு வேலையில் இருப்பவர்களைச் சூதாட்ட விடுதிக்குள் விடுவது சீனப் புத்தாண்டு மூன்று நாள் மட்டும்தான், அப்போது.

அன்று பிளேயர் பக்கம் ராஜாவும் ஏழும். ஏழு என்றால் அதற்கு மேல் சீட்டு கிடையாது, நிற்க வேண்டியதுதான். பேங்கர் பக்கம் அதிகம் வைத்திருந்தது ஹொய் யிங் அக்கா. அவரைப் பார்த்து அதே பக்கம் வைத்தது குவான், குவானைப் பார்த்து மேசையே. முதல் சீட்டு ராணி, மதிப்பில்லை. இரண்டாவதை அக்கா உரித்தார்.

"மூணு ஓரம்!" என்றார்.

எட்டு வந்தால் வெற்றி. ஏழு வந்தால் சமம், பணம் திரும்பும். ஆறு வந்தால் போச்சு; எதிரில் ஏழு நிற்கும்போது ஆறுக்கு மூன்றாவது சீட்டு கிடையாது.

"நிரப்பு! நிரப்பு! நிரப்பு!" என்று மேசை முழுக்கக் கத்தியது. அக்கா கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து, முகத்தைச் சீட்டோடு சீட்டாக வைத்து உரித்துக்கொண்டே போனார். நான் தும்மினேன். சீட்டு மேசைமேல் மலர்ந்து விழுந்தது.

டைமன் ஆறு.

ஒரே தும்மலில் இரண்டு புள்ளி. குவான் சொன்ன கணக்கு அது. அவருடைய வாழ்நாளில் அவர் என்னைத் திறமைசாலி என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

குவான் புகார் கொடுத்தார். எனக்கு அதற்கு முன்பே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இரண்டு பக்கமும் ஆறில் நின்றபோது பேங்கருக்கு வேண்டாத மூன்றாவது சீட்டை எடுத்துப் போட்டது. இன்னொன்று, தோற்ற பக்கத்துக்குச் சிரித்த முகத்தோடு பணம் கொடுத்தது. மூன்றாவது வந்தால் மேசையை விட்டு இறக்கிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ஒன்பது வரை எண்ணுவது. அதற்கு வெளியே அவ்வளவு வேலைவாய்ப்பு இல்லை.

மேற்பார்வையாளர் லியோங் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இஸ்திரி போட்ட சட்டைக்குள் இஸ்திரி போட்ட மனிதர்.

"இங்க பாரு செங். நீ தும்மறதுக்கு முன்னாடியே அந்தம்மா சீட்டைப் பார்த்து முடிச்சிருந்தா, உன் தும்மல் வெறும் தும்மல். பார்த்து முடிக்கலைன்னா, நீ ஆட்டத்துல குறுக்கிட்டிருக்க."

"கேமராவுல பாருங்களேன் சார்."

"பார்த்தாச்சு. கூரையில இருந்து உன் நரைமுடி எத்தனைன்னுகூடத் தெரியுது. அந்தம்மா ரெண்டு கட்டைவிரலுக்கு நடுவுல இருக்கறது மட்டும் தெரியல. நாளைக்கு மதியம் குவானையும் அவங்களையும் வரச்சொல்லியிருக்கேன்."

"சார், நீங்களே சொல்லுங்க. தும்மினா புள்ளி போகுமா?"

லியோங் பேனா மூடியைத் திறந்து மூடினார். "வாடிக்கையாளர் மனசுல போயிட்டா, போனது போனதுதான்."

இது பதில் இல்லை. ஆனாலும் அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருக்கலாம்; ஒரு நாள் பொறுத்தார். அந்த ஒரு நாளில் எனக்கு நல்லது செய்தவர்களை எண்ணினால் ஒன்பதைத் தாண்டும். தாண்டினால் பத்தைக் கழற்றி எறிவது என் தொழில் பழக்கம். நன்றிக் கணக்கில் மட்டும் கழற்றுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

வீட்டில் மெய் லெங் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். என் மனைவி எதிர்பார்த்ததைச் செய்கிற ரகம் இல்லை. இஞ்சியை நசுக்கி, வெல்லம் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள்.

"நீ சொல்லு, நான் தும்மினதுல புள்ளி போயிருக்குமா?"

"நம்ம கல்யாண விருந்துல தும்மின, ஞாபகமிருக்கா?"

"ஆமா. அதுக்கு?"

"அதுக்கப்பறம் எனக்கு என்னாச்சுன்னு பாரு. இஞ்சி நசுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

சாப்பிட்டபின் சீட்டுக்கட்டிலிருந்து ஓர் எட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். மிளகுப் பொடியை முகர்ந்தேன். மூன்று தடவை தும்மினேன். எட்டு எட்டாகவே இருந்தது. மெய் லெங் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குப்புறப் போட்டுத் தும்மு. மேல பார்த்துக் கெடந்தா அதுக்கு வெக்கமா இருக்கும்ல?" என்றாள்.

குப்புறப் போட்டும் தும்மினேன். இதற்குமேல் என் புத்தியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வேலை போனால் என்ன செய்வது என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காகவே இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளலாம், அவளையேதான்.

மறுநாள் காலை ஹொய் யிங் அக்காவின் கடைக்குப் போனேன். பழைய துறைமுகத் தெருவில் கருவாட்டுக் கடை. வாடிக்கையாளரைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்பது விதி. கருவாடு வாங்கக் கூடாது என்று விதி இல்லை.

"என்னடா செங், கருவாடு வாங்கற மூஞ்சியா இது?" என்றார் அக்கா, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நல்ல மனுஷி. முன்பு நான் வேண்டாத சீட்டை எடுத்துப் போட்ட நாளில் மேசையே எழுந்து நின்றபோது, "பசியில இருக்கான் போல, விடுங்கப்பா" என்று எல்லாரையும் உட்கார வைத்தவர் இவர்தான். அன்று எனக்குப் பசியும் இல்லை.

"அக்கா, அந்தச் சீட்டு..."

"காஞ்ச இறால் வந்திருக்கு. முகர்ந்து பாரு. வேணாம், நீ முகராத."

"நான் தும்மறதுக்கு முன்னாடி பார்த்துட்டீங்களா, இல்லையா?"

"கணவாயும் நல்லா இருக்கு. வீட்டுல சூப்புக்குப் போடுவாளா உன் பொண்டாட்டி?"

"அக்கா!"

தராசை இறக்கி வைத்தார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"குவான் எத்தனை காலமா எம் பின்னாடி வைக்கறான், தெரியுமா? அவன் மட்டுமா? அந்த மேசையில பாதிப் பேர். ஆட்டத்தை நம்பி இல்லடா. இந்தக் கையை நம்பி." ஈரக் கையைத் தூக்கிக் காட்டினார். செதில் ஒட்டியிருந்தது. "வீட்டுக்காரர் போனப்பறம், மத்தியானத்துல என்னை 'வாங்க'ன்னு நாலு பேர் சொல்ற இடம் அது ஒண்ணுதான். இதுக்கு மேல எதையும் கேக்காத. எடுத்துட்டுப் போ."

அவர் கட்டிக் கொடுத்த பொட்டலத்துக்குக் காசு வாங்கவில்லை. பேருந்தில் என்னைச் சுற்றி ஐந்து இருக்கை காலியாயின. அவ்வளவு மரியாதை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. ஆனால் அந்தப் பயணத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. எனக்கு இருப்பது ஒரு வேலை. அக்காவுக்கு இருப்பது அந்த நாற்காலி. என் தும்மல் புள்ளியை ஊதவில்லை என்றால், அந்த ஆறு அவர் கையிலேயே வந்தது என்றாகிவிடும்; என் வேலையைக் காப்பாற்ற அவர் அந்த நாற்காலியைத்தான் விற்க வேண்டும்.

மதியம் லியோங்கின் அறையில் நாலு நாற்காலி. குவான் முதலில் வந்துவிட்டார்.

"இவன் மூக்குல எட்டாம் நம்பர் புயல் கொடி ஏத்தணும் சார். ஃபெர்ரி எல்லாம் நிறுத்தியிருக்கணும் அன்னைக்கு!"

"குவான் அண்ணா, அது சாதாரணத் தும்மல்..."

"சாதாரணமா? ரெண்டு புள்ளிடா! ஒரே ஒரு புள்ளின்னாகூட மன்னிச்சிருப்பேன், சமமாகி வெச்ச பணமாவது திரும்பியிருக்கும்."

ஹொய் யிங் அக்கா உள்ளே வந்தார். நல்ல சட்டை, காதில் பச்சைக்கல் தோடு. குவான் எழுந்து தன் நாற்காலியைத் துடைத்து அவருக்குக் கொடுத்தார். "உக்காருங்க அக்கா. நீங்க சொல்லுங்க, இவங்க எழுதிக்கட்டும்."

லியோங் கேட்டார்: "அம்மா, டீலர் தும்மின நேரத்துல நீங்க சீட்டைப் பார்த்து முடிச்சிருந்தீங்களா?"

"ஒரே கூட்டம். ஒரே சத்தம்" என்றார் அக்கா.

"ஞாபகப்படுத்திப் பாருங்க."

"எனக்கும் வயசாகுது சார். மூணு ஓரம்னு தெரிஞ்சுது. அப்பறம் என்னென்னவோ ஆச்சு."

"அப்போ, பார்த்து முடிக்கலைன்னு எழுதிக்கட்டுமா?"

அக்கா காதுத் தோட்டைத் திருகிக்கொண்டார். லியோங் பேனா மூடியைத் திறந்தார், இந்தத் தடவை மூடவில்லை.

அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எத்தனையோ மத்தியானங்கள் இந்த அம்மாள் எதிரில் நின்றிருக்கிறேன். தோற்ற நாளில்கூட ஒரு தடவையும் என் முகத்தில் சீட்டை விட்டெறிந்ததில்லை. மற்றவர்கள் எறிந்திருக்கிறார்கள், காதில் பட்டால் வலிக்கும்.

"சார், பார்க்கலைன்னே எழுதிக்கோங்க" என்றேன். "அக்காவைத் தொந்தரவு பண்ணாதீங்க. நான் பழகிட்டேன்."

"நீ சும்மா இரு" என்றார் லியோங்.

"இருக்கேன் சார். எனக்காக மட்டும் ஒண்ணு கேட்டுக்கறேன், எழுத வேணாம்." அக்காவின் பக்கம் திரும்பினேன். "நேத்து வீட்டுல ஒரு எட்டை வெச்சு, மிளகை முகர்ந்து முகர்ந்து தும்மிப் பார்த்தேன் அக்கா. குப்புறப் போட்டும் தும்மினேன். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. லியோங் சாரைக் கேட்டா மனசுங்கறாரு, பொண்டாட்டியக் கேட்டா கல்யாணங்கறா, உங்களைக் கேட்டா கணவாய். வேலை போனா போகட்டும். உங்களை மாதிரி ஒரு ஆள் எதிர்ல நின்னு இத்தனை நாள் சோறு தின்னதே பெருசு. ஆனா உங்க அதிர்ஷ்டத்தை நான் கெடுத்தேன்னு நெனச்சுட்டு வீட்டுக்குப் போக முடியாது. நான் தும்மறப்போ உங்க விரலுக்குள்ள என்ன இருந்துது?"

குவான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அக்கா கையைத் தூக்கினார். மேசையில் அந்தக் கை தூக்கினால் எல்லாரும் அடங்குவார்கள். குவானும் அடங்கினார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. குவானைத்தான் பார்த்தார்.

"ஆறு. இவன் தும்மறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆறுதான், குவான். பார்த்துட்டேன். உங்க எல்லார் முகத்தையும் எப்படி நிமிந்து பார்க்கறதுன்னு தெரியாம, தெரிஞ்ச சீட்டையே உரிச்சுட்டு உக்காந்திருந்தேன்."