மொசரெல்லா ஊறிய தண்ணீர்

அண்ணி மென்றாள், விழுங்கினாள், தட்டைத் தள்ளிவைத்தாள்.

"இதுவும் இல்ல."

"நாளைக்குக் கடை திறக்கணும் அண்ணி," என்றாள் நாத்தனார். "மேல சாஸ ஊத்திக் குடுத்துட்டா எவனுக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

வாசல் மெனுப் பலகையில் முதல் வரியாக எழுதியாகிவிட்டது: தக்காளி, மொசரெல்லா, எண்ணெய், உப்பு. எதையும் மறைக்க வழியில்லாத தட்டு. அதை நம்பித்தான் அண்ணி வேலையை விட்டிருந்தாள். நல்ல மொசரெல்லா சீஸ் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் பால். பிறகு உப்பு. விழுங்கியபின் நாக்கின் ஓரத்தில் லேசான புளிப்பு. இதுவரை நான்கு வியாபாரிகள் கொண்டுவந்தவை எல்லாமே வெள்ளையாக, சில்லென்று, பல்லில் கிறீச்சிட்டன.

"இத வெச்சு பென்சில்ல எழுதினத அழிக்கலாம். நேத்து காசு வாங்க வந்தவர்கிட்டயும் அதத்தான் சொன்னேன்."

"சொன்னீங்க. மனுஷன் மூஞ்சி செத்துப்போச்சு."

சமையலறை நாத்தனார் பொறுப்பு. எந்தச் சாமானும் அவள் கை பட்டுத்தான் உள்ளே போகும். முட்டையைக் கழுவுவாள். பாட்டில் மூடியைக் கழுவுவாள். அந்தச் சுத்தத்தில் அண்ணிக்கும் பெருமைதான்.

மத்தியானம் ஐந்தாவது வியாபாரி ஒரு வாளியை மேசையில் வைத்துவிட்டு வண்டியைத் தள்ளி நிறுத்தப் போனார். நாத்தனார் மாடியில் இருந்தாள். அண்ணி மூடியைத் திறந்தாள். கலங்கல் தண்ணீரில் வெள்ளை உருண்டைகள். ஒன்றை எடுத்து நின்றபடியே கடித்தாள்.

பால். உப்பு. கொஞ்சம் பொறுத்து, அந்தப் புளிப்பு.

தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். ருசி அதிலும் இருந்தது.

நாத்தனார் இறங்கி வந்தாள். "அய்யே, அப்படியேவா தின்னீங்க? குடுங்க, அந்த அழுக்குத் தண்ணியக் கொட்டிட்டு அலசித் தரேன்."

"மத்தவங்க கொண்டுவந்ததையும் அலசினியா?"

"அலசாமயா? அலசி, ராத்திரி பூரா ஐஸ் தண்ணில போட்டு வெச்சேன்."

அண்ணி வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாத்தனார் வாளியைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

"நான் கெடுத்துட்டேனா?"

"நாலு பேர் பொழப்ப," என்றாள் அண்ணி. சிரிப்பை அடக்க முடியவில்லை. கடித்த உருண்டையில் மீதியை நாத்தனாரின் கையில் வைத்தாள். கைப்பேசியை எடுத்து, நேற்று வந்தவரின் எண்ணை அழுத்தினாள்.

"நேத்து உங்களத் திட்டினவதான் பேசறேன். நாளைக்குக் காலைல ஒரு வாளி கொண்டாங்க. தப்பு எங்களுது. வாங்க, சொல்றேன்."

அண்ணி கைப்பேசியைக் காதில் வைத்தபடியே நின்றாள். எதிரே நாத்தனார் மெல்லக் கடித்துக்கொண்டிருந்தாள். பால் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை வழிந்து, துடைத்துவைத்த தரையில் சொட்டியது.