எட்டுக் கயிறு

இரும்புக் கம்பி மண்ணுக்குள் முழங்கால் ஆழம் இறங்கி, 'டங்'கென்று நின்றது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் ஷக் அதை உருவி, ஒரு சாண் தள்ளி மறுபடி குத்தினார். அதே சத்தம்.

"அவனுங்கதான், பெருசு. ரோமாக்காரனுங்க போட்ட கல்லு," என்றார் ஷக்.

தன் குழிக்கு இடம் பார்க்க வந்திருந்த முதியவர் கெடிஸ் தொப்பியைக் கழற்றி மழைநீரை உதறிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் அவர் மனைவி உனாவின் கல் நனைந்துகொண்டிருந்தது. அவளைப் புதைத்தபோது அடியில் நீர் ஊறியதால் ஒருவருக்கான ஆழத்துக்கு மேல் வெட்ட முடியவில்லை. அவளுக்கு மேலே இன்னொரு பெட்டிக்கு இடமில்லை. அதனால் பக்கத்திலிருந்த வெற்றுப் புல்லைத் தன் இடமென்று நினைத்தே இத்தனை நாள் அவர் இங்கே வந்துபோனார்.

சரிவின் மேலே, ரோமர்கள் தங்கள் எல்லையில் கட்டிய பழைய சுவரின் அடித்தளம் கொஞ்சம் வெளியே தெரியும். இருபுறமும் ஓரக்கற்கள், நடுவில் உருண்டைக் கற்கள். பிறகு புல்லுக்குள் புகுந்துவிடும். அது நேராகப் பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போவதாகத்தான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். இங்கே வளையும் என்று யார் கண்டது? உனா ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கற்களின்மேல் உட்கார்ந்து தேநீர் குடிப்பாள். 'அவ்வளவு தூரத்துலேருந்து நடந்து வந்து, நம்ம ஊரு மழையப் பாத்துட்டு, இதோட போதும்டா சாமின்னு நின்னுட்டானுங்க பாருங்க' என்பாள். அந்தக் கற்களுக்காகத்தான் இந்தச் சரிவில் இடம் வேண்டுமென்று கேட்டாள்.

"கொஞ்சம் ஒதுக்கி வெட்டினா?" என்றார் கெடிஸ்.

"ஒரு கல்ல அசைச்சாலும் அரசாங்கம் என்னை உள்ள வெச்சிரும். சுவருக்கு வடக்கால இடமிருக்கு, வேணுமா?"

"வடக்கால."

"ஆமா, ரோமாக்காரன் கணக்குல காட்டுமிராண்டிங்க பக்கம். எங்க அம்மா அங்கதான் இருக்கா. பேச்சுத் துணைக்குக் குறைவிருக்காது."

கெடிஸுக்குச் சிரிப்பு எழுந்தது. உதடு வரை வரவில்லை. தனக்கும் உனாவுக்கும் நடுவே ஒரு ராஜ்ஜியத்தின் எல்லை கிடப்பதை நினைத்துக்கொண்டு நின்றார். வேலிக்கு அப்பால் ஒரு பேருந்து நின்று, யாரும் இறங்காமல் கிளம்பியது.

"எரிச்சுட்டா சுலபம்," என்றார் ஷக் கடைசியில். "சாம்பல் பெட்டிக்கு ரெண்டடி போதும். உங்க வீட்டம்மா மேலயே வெச்சிரலாம்."

கெடிஸ் தன் உள்ளங்கையைப் பார்த்தார். இந்த ஊரில் வேண்டியவர்கள் எட்டுப் பேர் கயிறு பிடித்துத்தான் பெட்டியைக் குழிக்குள் இறக்குவார்கள். உனாவை அடக்கம் செய்த நாளன்று அந்த எட்டுப் பேருக்கும் எண் போட்ட சீட்டுக் கொடுத்தார்கள், யார் எந்தக் கயிற்றைப் பிடிப்பதென்று. தலைமாட்டில் முதல் கயிறு அவருடையது. ஈரக் கயிறு கையில் நழுவ நழுவ அவள் கனம் தெரிந்தது. பிறகு திடீரென்று கனமே இல்லை. கயிறு மட்டும் கையில் இருந்தது.

அன்றைக்கு அவரோடு பிடித்தவர்களில் பாதிப்பேர் இப்போது இதே தோட்டத்தில். மீதிப்பேர் உனாவின் பாட்டுக்குழுத் தோழிகள். அவள் போனபின் அவர்களும் வீட்டுப் பக்கம் வரவில்லை. தன் அடக்கத்தன்று எட்டுக் கயிறு பிடிக்க ஆட்களின் பெயர் தேடிப் பார்த்திருக்கிறார். ஒரு பெயரில்கூட மனம் நிற்கவில்லை. ஆளில்லாவிட்டால் அடக்கம் செய்யும் நிறுவனத்து ஆட்கள் கறுப்புக் கையுறையோடு கூலிக்குப் பிடிப்பார்கள். சாவைவிட அந்தக் கையுறைகளே அவரை அதிகம் பயமுறுத்தின.

"அந்தப் பெட்டிக்கு எத்தனை கயிறு?"

"ரெண்டு போதும்."

நெஞ்சில் ஏதோ தளர்ந்தது. அது நிம்மதி என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. "அப்படியே செஞ்சிரலாம்," என்றார், இடம் போனதற்கு வருந்துபவரின் குரலை வரவழைத்துக்கொண்டு.

ஷக் கம்பியில் ஒட்டிய சேற்றைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ஒண்ணு நான் புடிக்கிறேன். வேலையில இருக்கறப்ப நாங்க கயிறு தொடக்கூடாது, லீவு போட்டுட்டு வர்றேன். எந்தக் கிழமைன்னு மட்டும் முன்னாடியே சொல்லிருங்க."

"சனிக்கிழமை வேண்டாம், உனக்குக் கால்பந்து இருக்கும்."

"அது நியாயம்." ஷக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னொண்ணு யாரு?"

கெடிஸ் தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். கொஞ்சம் காத்திருந்துவிட்டு ஷக் சரிவில் இறங்கிப் போனார்.

கெடிஸ் மேலே ஏறி, உனா உட்காரும் கல்லின்மேல் உட்கார்ந்தார். குளிர் எலும்பு வரை ஏறியது. கீழே புறநகர் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியது. இங்கே அவர் வாழ்ந்தது முப்பது வருடத்துக்கும் மேல். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனார், இரண்டாம் கயிற்றுக்கான சீட்டை நீட்டினால் வாங்கிக்கொள்ளும் முகம் எதிலாவது தெரிகிறதா என்று.