பட்டைத் தண்ணீர்

"அரிசி மூட்டையைப் புரட்டற மாதிரி புரட்டு. நான் மனுஷின்னே தோணலையாடி உனக்கு?"

"மூட்டையா இருந்தா வாயைத் தைச்சு வெச்சிருப்பேன் அண்ணி."

அமிர்தவள்ளி ஒரு கையை நாத்தனாரின் தோளுக்கு அடியிலும் மறு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து இழுத்தாள். செல்லம்மாளின் மேல் பாதி திரும்பியது. கீழ்ப் பாதி அப்படியே கிடந்தது. கால்களைத் தனியாகத் தூக்கித் திருப்பி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, எலும்பும் எலும்பும் உரசாதபடி நடுவில் பழந்துணிச் சுருளைச் சொருக வேண்டும். அதைச் செய்யும்போது அமிர்தவள்ளி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். செல்லம்மாள் சுவரைப் பார்த்தாள்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் பக்கத்தில் அவர்கள் வீடு. செல்லம்மாள் ஷாப்பில் தோலை ஊறவைக்க ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்தவள். பட்டைக் கொட்டகையில் அடுக்கியிருந்த மூட்டைகள் ஒருநாள் சரிந்து அவள் முதுகில் விழுந்தன. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அவளுக்கு எதுவும் தெரிவதில்லை. நெருப்பு பட்டாலும் தெரியாது. மூத்திரம் போவதும் வெளிக்குப் போவதும் தெரியாது. கயிற்றுக் கட்டிலின் நடுவில் கயிற்றை அறுத்துவிட்டு, கீழே ஒரு மண்சட்டியை வைத்திருந்தார்கள். தெரு விழிக்கும் முன் அந்தச் சட்டியை எடுத்துப் போய்க் கொட்டிக் கழுவிச் சாம்பல் போட்டு வருவது அமிர்தவள்ளியின் முதல் வேலை. துடைப்பதும், குளிப்பாட்டுவதும், துணி மாற்றுவதும், தலை வாருவதும் அதற்குப் பிறகு.

செல்லம்மாளின் தம்பி ஆதிகேசவன்தான் அமிர்தவள்ளியின் புருஷன். செல்லம்மாள் இளம் வயதில் தாலி அறுத்தவள். பட்டை இடித்த கூலியில் தம்பியை வளர்த்து, அதே ஷாப்பில் தொட்டி வேலைக்குச் சேர்த்துவிட்டாள். அவனுக்காக நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து பெண்ணும் எடுத்தாள். கேழ்வரகு விளையும் ஊரில் பிறந்த அந்தப் பெண் கல்யாணத்தன்று ஷாப்பு நாற்றம் தாங்காமல் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். "மகாராணிக்கு நம்ம சோறு நாறுது" என்று செல்லம்மாள் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு அமிர்தவள்ளி ஷாப்பு மதில் பக்கம்கூடப் போனதில்லை. புருஷனுக்குச் சோறு கொண்டுபோகவும் மாட்டாள். அதற்கும் ஏச்சு கேட்டாள். செல்லம்மாள் விழுந்த பிறகு ஏச்சு மட்டும் நிற்கவில்லை.

அமிர்தவள்ளியும் சும்மா இல்லை. பக்கத்து வீட்டு ஹலீமா பீயிடம் ஒருநாள் சுவருக்கு மேலாகச் சொன்னாள்: "இந்தக் கட்டில் என்னிக்குக் காலியாகுமோ, அன்னிக்குத்தான் எனக்கு மூச்சு வரும்." சுவருக்கு இந்தப் பக்கம்தான் அந்தக் கட்டில் இருந்தது. ஒரு சொல் விடாமல் செல்லம்மாளுக்குக் கேட்டது.

முதுகு முடியும் இடத்தில் புண் வந்தது பங்குனி பிறக்கிற சமயத்தில். அறுத்த கயிற்றின் ஓரம் உரசி முதலில் சிவந்தது. பிறகு தோல் உரிந்தது. அமிர்தவள்ளி வேப்பிலைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தாள். ஆறவில்லை.

ஆதிகேசவன் வைத்தியம் கண்டுபிடித்தான். ஒரு சாயங்காலம் பித்தளைச் செம்பு நிறைய ஆவாரம்பட்டைத் தண்ணீர் கொண்டுவந்தான்.

"நாளெல்லாம் இதுலதான் கை வெக்கறேன்" என்றான் வாசற்படியில் நின்றபடி. "எத்தனை ஆயிரம் தோலு இந்தத் தண்ணியில போவுது! அழுகுமா? சீமைக்குப் போனாலும் அழுகாது. மாட்டுத் தோலுக்கே அப்படின்னா என் அக்கா தோலுக்கு இன்னா குறைச்சல்? துணியில நனைச்சு வெச்சுக் கட்டு வள்ளி."

"என் பிள்ளைக்கு எவ்ளோ புத்தி பார்த்தியா" என்றாள் செல்லம்மாள்.

அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் பட்டைத் தண்ணீர்தான். ஆதிகேசவன் தினமும் புதுச் செம்பு கொண்டுவந்தான். அக்காவின் இடுப்புத் துணியை விலக்கிப் பார்ப்பது தம்பிக்கு ஆகாது. அதனால் வாசலைப் பார்த்து நின்றுகொண்டே, "எப்படி இருக்குது?" என்று கேட்பான்.

"கறுத்துப் போச்சு" என்றாள் அமிர்தவள்ளி ஒருநாள்.

"காஞ்சிடுச்சா?"

"மேல காஞ்சிருக்குது."

"காஞ்சா நல்லதுதானே!"

செல்லம்மாளும் கையைப் பின்னால் வளைத்துத் தொட்டுப் பார்த்தாள். விரல் நுனி புண்ணின் மேல் ஓரம் வரைதான் எட்டியது. அங்கே வறண்டு, செருப்புத் தோல் போலக் கெட்டியாக இருந்தது. "ஆறிடுச்சு" என்றாள். அன்று ஆதிகேசவன் பக்கோடா வாங்கிவந்தான்.

மூன்று பேரில் அந்தப் புண்ணைக் கண்ணால் பார்த்தவள் அமிர்தவள்ளி ஒருத்தி. அவளுக்கு அது ஆறியதாகத் தோன்றவில்லை. விளிம்பில் ஈரம் கசிந்தது. கட்டுத் துணியில் மஞ்சளும் பச்சையுமாகக் கறை இருந்தது. நாற்றமும் இருந்திருக்கும். ஆனால் அந்தத் தெருவில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நாற்றம்தான். எது தோலுடையது, எது மனுஷியுடையது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

"இது சரியில்ல. வேலூர் பொம்பளை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க" என்றாள் புருஷனிடம்.

கட்டிலிலிருந்து சிரிப்பு வந்தது. "கேட்டியாடா கேசவா? கட்டிலு காலியாவணுமாம். ஆஸ்பத்திரியில போட்டுட்டா திரும்பி யாரு வந்து பாக்கப் போறீங்க? பேர்ணாம்பட்டுக்காரி ஒருத்தியை அப்படித்தான் உட்டுட்டு வந்தாங்க. அங்கியே செத்தா. தூக்க ஆளில்ல."

"புண்ணு அழுகுது அண்ணி."

"உன் நாக்குதான்டி அழுகுது. நான் தொட்டுப் பார்த்தேன், கல்லு மாதிரி இருக்குது."

"ஹலீமா பீயைக் கூப்புடறேன். அவங்க பார்த்துச் சொல்லட்டும்."

ஹலீமா பீ வந்தாள். அவள் கட்டிலருகே வந்ததுமே செல்லம்மாள் இடுப்புத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தொட்டா கடிச்சுடுவேன்! என் மானத்தைத் தெருவுல ஏலம் போடப் பாக்கறாளா?"

"வாணாம்மா, எனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு" என்று ஹலீமா பீ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டாள். வாசலில் அமிர்தவள்ளியின் காதில் மட்டும், "உன் மேல நம்பிக்கை வர்ற மாதிரியா நீ பேசிக்கினு இருந்தே?" என்று கேட்டாள். 

கொளுத்தும் வெயில் நாளில் செல்லம்மாளுக்குக் குளிர் வந்தது. பல் கிட்டியது. மத்தியானம், புருஷன் ஷாப்பில் இருந்த நேரத்தில், அமிர்தவள்ளி புண்ணின் கட்டை அவிழ்த்தாள். பட்டைத் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தவள் அதை அப்படியே வெளியே கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள்.

சத்தம் செல்லம்மாளுக்குக் கேட்டது. "இன்னாடி கொட்டினே? என் தம்பி மேஸ்திரி காலைப் புடிச்சு வாங்கியாந்த மருந்து! இன்னிக்கு வரட்டும் அவன். உன்னை ஊருக்கே துரத்தறேன்."

"துரத்துங்க! சந்தோஷமாப் போறேன். தெனம் அதைப் பாக்கற கண்ணு என்னுது. உங்களுதா? மேல கறுப்பா, கெட்டியா, பலகை மாதிரி நிக்குது. விரலை வெச்சு அமுக்கினா உள்ள தளதளன்னு போவுது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தா அடியில வெள்ளையா, கூழா, பச்சை மாமிசமா இருக்குது. மேல ஒரு தோலு, கீழ ஒரு தோலு, ரெண்டுக்கும் ஒட்டே இல்ல. நான் பொய் சொல்றேன்னா சாவுங்க. எனக்கு இன்னா?"

திட்டு வரும் என்று அமிர்தவள்ளி காத்திருந்தாள். வரவில்லை.

"திரும்பச் சொல்லு" என்றாள் செல்லம்மாள்.

"இன்னாத்த?"

"மேலயும் கீழயும்."

அமிர்தவள்ளி மறுபடி சொன்னாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு? கேசவனா?"

"அவரு எங்க பார்த்தாரு? வாசலைப் பாத்துக்கினு நிக்கறவரு."

செல்லம்மாள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். அவளுடைய ஷாப்பில் ஒருமுறை ஒரு தொட்டி தோல் முழுக்கப் பாழாகிப் போயிருந்தது. சுண்ணாம்பிலிருந்து எடுத்துக் கழுவிய பச்சைத் தோலை முதலில் பலமுறை பயன்பட்ட பழைய பட்டைத் தண்ணீரில்தான் போட வேண்டும். வீரியம் ஏறிய புதுத் தண்ணீர் கடைசியில்தான். அவசரத்தில் யாரோ நேராகப் புதுத் தண்ணீரில் போட்டுவிட்டார்கள். சாயங்காலமே மேல்புறம் அழகாகச் சிவந்து கெட்டிப்பட்டது. எல்லோரும் மெச்சினார்கள். பிறகு வெட்டிப் பார்த்தபோது மேல்தோல் இறுகி அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே பட்டை இறங்கவே இல்லை. நடுவில் பச்சையாகவே இருந்து அழுகிப்போயிருந்தது. அந்தக் கூழை அவள் கையாலேயே தொட்டிருக்கிறாள்.

அமிர்தவள்ளி இப்போது சொன்னது அதைத்தான். ஷாப்பு மதிலைக்கூடத் தாண்டாதவள், தொட்டி எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாதவள், இதை எங்கிருந்து கட்டிச் சொல்ல முடியும்? பொய் சொல்ல நினைத்திருந்தால் புழு நெளிகிறது என்று சொல்லியிருப்பாள்.

"ஒண்ணும் ஊத்தாதே. வெந்நியில தொடைச்சு, சும்மா துணியைக் கட்டு" என்றாள் செல்லம்மாள்.  

ஆதிகேசவன் வழக்கம்போல் செம்போடு வந்தான்.

"எந்தத் தொட்டித் தண்ணிடா அது?" என்று கட்டிலிலிருந்து கேள்வி வந்தது.

"புதுசுதான் அக்கா. காலையில கலக்கினது. உனக்குப் போய்ப் பழசைக் கொண்டாருவேனா?"

"தெனமும் புதுசா?"

"ஆமாம். மேஸ்திரிகிட்டக் கெஞ்சி வாங்கறேன்."

"பச்சைத் தோலைப் புதுத் தண்ணியில போடுவியாடா கேசவா?"

 அவன் கையிலிருந்த செம்பைப் பார்த்தான். பிறகு அமிர்தவள்ளியைப் பார்த்தான். "இவ பேச்சைக் கேட்டுக்கினு பேசறியா? இவ உன்னை வெளியேத்தத்தான்..."

"அப்போ நீயே வந்து பாரு. வள்ளி, துணியை எடுடி."

அமிர்தவள்ளி துணியில் கை வைத்ததும் ஆதிகேசவன் சட்டென்று திரும்பிச் சுவரோடு சாய்ந்துகொண்டான். செம்பு சாய்ந்து பட்டைத் தண்ணீர் அவன் காலில் வழிந்தது.

"நான் உன்னைக் கொன்னுட்டேனா அக்கா?"

"இன்னும் இல்ல. அழுவாம போயி வண்டி பாரு."

ஹலீமா பீயின் வீட்டுக்காரர் அப்துல் ஹமீத் தன் வீட்டுப் பெண்கள் போகும் திரை போட்ட வண்டியையே தந்தார். ஸ்டேஷன் வரை வண்டி, காட்பாடி வரை ரயில், அங்கிருந்து வேலூருக்கு ஜட்கா என்று ஏற்பாடு. பெண்கள் ஆஸ்பத்திரியில் ஆண்கள் தங்க முடியாது. கூட யார் இருப்பது என்ற பேச்சு வந்தது. ஊரிலிருந்து பெரியம்மா மகள் சௌந்தரத்தை வரச் சொல்லலாம் என்றான் ஆதிகேசவன். அக்காவிடம் உயிரையே வைத்திருப்பவள் அவள்.

"அவ வாணாம்" என்றாள் செல்லம்மாள். "அவ என் முகத்தைப் பார்த்து அழுவா. எல்லாம் நல்லா இருக்குது அக்கான்னு சொல்லுவா. இவளே வரட்டும்."

"நானா?" அமிர்தவள்ளி கையிலிருந்த துணி மூட்டையைக் கீழே போட்டாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இங்க பட்டது பத்தாதா?"

"அறுக்கறப்போ என் முதுகுப் பக்கம் நான் பாக்க முடியாது. நீ பார்த்துச் சொல்லணும்."

"மோசமா இருந்தா மோசம்னுதான் சொல்லுவேன். மெழுகி எல்லாம் பேச வராது எனக்கு."

"அதான் தெரியுதே."

அமிர்தவள்ளி மூட்டையை எடுத்தாள். "அங்க நாலு பேருக்கு முன்னால என்னைத் திட்டக் கூடாது."

"அதெல்லாம் முடியாது" என்றாள் செல்லம்மாள்.

ஆதிகேசவன் தோளைப் பிடிக்க, அமிர்தவள்ளி இடுப்பைத் தாங்க, செல்லம்மாளை வண்டிக்குள் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். ஆதிகேசவன் முன்னால் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தான். திரைக்குள் புழுக்கமாக இருந்தது. பாதை குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அமிர்தவள்ளி நாத்தனாரின் இடுப்பைத் தன் முழங்காலால் அணைத்து நிறுத்தினாள்.

"முட்டியால இடிக்கறா பாரு, கழுதை."

"உருண்டு கீழ விழுந்தா எனக்கு வேலை மிச்சம். உட்டுடட்டுமா?"

செல்லம்மாளுக்கு மூச்சு வேகமாக வந்தது. சற்று நேரம் கழித்துக் கேட்டாள்: "இப்போ எப்படி இருக்குது?"

அமிர்தவள்ளி குனிந்து துணியை விலக்கிப் பார்த்தாள்.

"கசியுது."

"ஜாஸ்தியா?"

"காலையிலவிட ஜாஸ்தி. சுத்திலும் செவந்து மேல ஏறியிருக்குது."

செல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வண்டியை வேகமா ஓட்டச் சொல்லு" என்றாள்.