ஏழாம் எண் எலிக்குக் கொடுத்த கடலைக்காய்

1

இந்தக் கதை நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு எலிக்குக் கடலைக்காய் கொடுத்தேன். பதினேழு நாள் கொடுத்தேன். அதனால் இன்னொருத்திக்கு வேலை போகப் பார்த்தது.

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'1959ஆம் வருடம் பெங்களூரில் மணிச்சத்தத்துக்குப் பயப்படும் ஒரு பெண்' (இல்லை. 'ஒரு பெண்' என்று எழுதினால் நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று அர்த்தம். அந்தப் பெண் நான்தான். பெயர் பிரிஜெட். வீடு அடுகோடி. வயது பதினேழு.)

'வெள்ளை எலிகளுக்கு ரோஜா நிறத்தில்' (அழகாக வருகிறது. ஆனால் எலியில் தொடங்கினால் சந்திரம்மா வருவதற்குள் நோட்டு தீர்ந்துவிடும். நோட்டு என்பது ஆராய்ச்சிக்கூடத்தில் வீசியெறியும் கட்டம் போட்ட தாள்களை நானே ஊசிநூலால் தைத்தது. டிரங்குப் பெட்டியில், அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது.)

மூன்றாவதாக மணியிலிருந்து தொடங்குகிறேன்.

2

ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரின் மேசையில் ஒரு பித்தளை மணி இருந்தது. தலையில் தட்டினால் 'டிங்' என்னும். மணியைத் தட்டிவிட்டு விரலை நீட்டுவார். விரல் யாரைக் காட்டுகிறதோ அவர் எழுந்து விடை சொல்ல வேண்டும். தப்பானால் விரல் முட்டியில் ஸ்கேலின் விளிம்பு விழும்.

முதலில் ஸ்கேல் பட்டபோதுதான் என் கை மூடிக்கொண்டது. அப்புறம் விரல் நீளும்போதே மூடியது. அப்புறம் அதுவும் தேவைப்படவில்லை, மணி ஒன்றே போதும். கை மூடும்போது கூடவே நாக்கும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விடை தெரியும். தெரிந்த விடையோடு ஊமையாக நிற்பேன், அதற்கும் ஸ்கேல் விழும். அரைப்பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். அம்மா இரண்டு வாரம் திட்டினாள், பிறகு விட்டுவிட்டாள்.

மாதா கோயில் பூசையில் பீடத்து மணி அடிக்கும்போது எல்லோரும் தலை குனிவார்கள். என் இரண்டு கையும் இறுக மூடிக்கொள்ளும். உன் பெண்ணுக்கு எவ்வளவு பக்தி என்று கோயிலில் அம்மாவிடம் சொன்னார்களாம். நான் மறுக்கவில்லை. மறுக்க வாய் வர வேண்டுமே.

3

இந்த வருடம் ஹோசூர் ரோட்டில் இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பன்னிரண்டு எலிகள். தட்டு கழுவ வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும். எலிகள் கேள்வி கேட்காது என்பதால் எனக்குப் பிடித்துப்போயிற்று.

எலிகளின் சொந்தக்காரர் கஸ்தூரிரங்கன் சார். மல்லேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பட்டத்துக்காக ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். பார்க்க வருகிறவர்களுக்கு அவர் விளக்கும்போது நான் பாட்டில் கழுவிக்கொண்டே கேட்பேன். பெட்டிக்குள் ஒரு சின்ன நெம்புகோல். எலி தற்செயலாக அதை அழுத்துகிறது, ஒரு தீனி உருண்டை விழுகிறது. விழுந்ததால் மறுபடியும் அழுத்துகிறது. இதை யாரும் அதற்குச் சொல்லித்தருவதில்லை. அழுத்தியதற்குப் பின்னால் என்ன வந்ததோ அதுதான் சொல்லித்தருகிறது.

அடுத்த பாடம் வேறு. பஸ்ஸர் அடிக்கும். அடித்து முடிந்ததும் தரைக் கம்பிகளில் மின்சாரம் சுரீர் என்று ஏறும். நாலைந்து நாளில் பஸ்ஸர் சத்தம் மட்டுமே போதும், எலி அப்படியே உறைந்துவிடும். எவ்வளவு பசி இருந்தாலும் நெம்புகோலைத் தொடாது.

ஒருநாள் உறைந்து கிடந்த ஏழாம் எண்ணைக் காட்டி, "பாரு, பயப்படக் கத்துண்டுடுத்து" என்றார் சார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த சந்திரம்மா நிமிரவில்லை. "இதுக்கு இவ்ளோ கரெண்ட் செலவு எதுக்கு சார்? எங்க பாப்பாகிட்ட உங்க டேபிள் மணியத் தட்டிப் பாருங்க, இதேதான்."

அவள் பாப்பா என்றது என்னை. நான் ஏழாம் எண்ணைப் பார்த்தேன். முன்னங்கால் விரல்களை மடக்கி வைத்திருந்தது.

4

சந்திரம்மாவை எழுதுவதுதான் கஷ்டம். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் முறை அவள் தேவமாதாவைப் போல வந்துவிட்டாள். உண்மையான சந்திரம்மா புகையிலை போடுவாள், எலிகளைக் கன்னடத்தில் திட்டுவாள், மிஞ்சிய தீனியைத் தன் கோழிகளுக்கு முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். இரண்டாம் முறை எல்லாம் தெரிந்தவளாக வந்தாள். அதுவும் அவள் இல்லை. அவளுக்கு எழுத்து தெரியாது.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். பதினொரு மணிக்கு அவள் தூக்கில் காபி கொண்டுவருவாள். "சாக்கா, பேக்கா?" என்பாள். போதுமா, வேண்டுமா என்று அர்த்தம். முதல் வாரம் நான் தலையாட்டினேன், காபி கிடைத்தது. இரண்டாம் வாரம் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். தலையாட்டினது அவளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தாள். காபி திரும்பிப் போயிற்று. மறுநாள் "ம்" என்றேன். கிடைத்தது. கொஞ்ச நாளில் "ம்" செல்லாமல் போயிற்று.

"மாடுகூட அம்மான்னு முழுசாச் சொல்லுது பாப்பா. நீ பாதியில நிக்கிறியே."

"வேணும்" என்றேன். பிறகு "வேணும்கா". தீபாவளி சமயத்தில் ஒருநாள், "அக்கா, இன்னிக்குச் சக்கரை கம்மி" என்று என் வாயிலிருந்து வந்தது. அன்றைக்குத் தம்ளர் வழிய ஊற்றினாள்.

(இதை எழுதும்போதுதான் தெரிகிறது. அங்கே நெம்புகோல் கற்றுக்கொண்டது எலிகள் மட்டும் இல்லை.)

5

தப்புக்கு வருகிறேன். தினமும் சார் வருவதற்கு முன்னால் காலிப் பெட்டியில் பஸ்ஸர் அடிக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷை என்னும் சந்தைக்குப் போய்வந்த சந்திரம்மா எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்திருந்தாள். ஒருநாள் ஏழாம் எண்ணைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு பஸ்ஸரை அழுத்தினேன். அது உறைந்தது. ஒரு பருப்பை உரித்து மூக்குக்கு நேரே நீட்டினேன். தொடவில்லை. மறுநாள் முகர்ந்தது. ஐந்தாம் நாள் தின்றது. அப்புறம் பஸ்ஸர் அடித்தால் கடலைக்காக என் கையைத் தேட ஆரம்பித்தது.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத (இந்த வாக்கியம் முடியவில்லை.)

அது சாரின் மூன்று வார உழைப்பு என்று நான் யோசிக்கவே இல்லை.

6

பதினெட்டாம் நாள் மத்தியானம் ஏழாம் எண்ணை மறுபடியும் பெட்டியில் விட்டுச் சோதித்த சார், எங்களைக் கூப்பிட மேசை மணியைத் தட்டினார். டிங். என் கை மூடியது.

பஸ்ஸர் அடிக்கும்போதும் ஏழாம் எண் கவலையில்லாமல் நெம்புகோலை அழுத்துகிறது, ஆகவே கம்பியில் மின்சாரம் போகவில்லை, ஆகவே கம்பியைக் கழுவுகிற சந்திரம்மாதான் மறுபடியும் கழற்றிவிட்டாள் என்பது அவர் கணக்கு. போன மாதம் ஒருமுறை நிஜமாகவே அப்படி நடந்திருந்தது. இந்தத் தடவை ஆபீசுக்கு எழுதிவிடுவேன் என்றார். எழுதினால் வேலை போய்விடும். அவள் வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

சந்திரம்மா என் பெயரை எடுக்காமல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெட்டிக்கடியில் கிடந்த கடலைத் தோலைத் தினமும் கூட்டியவள் அவள்தான். அவளுக்குத் தெரியும். சார் பேனாவைத் திறந்தார். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. ஏழாம் வகுப்பில் போலவே, விடை தெரிந்து நின்றேன்.

அப்போது சந்திரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "பாப்பா, காபி சாக்கா, பேக்கா?"

மணி மூன்று. தூக்கும் இல்லை, தம்ளரும் இல்லை.

"வேணும்கா" என்றது என் வாய். அந்தச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றதும் வெளியே வந்தது. "கம்பி நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் பஸ்ஸர் அடிக்கறப்பல்லாம் அதுக்குக் கடலைக்காய் குடுத்தேன். அக்கா மேல எழுதாதீங்க."

சார் பேனாவைக் கீழே வைத்தார். "உனக்குப் பேச வருமா?" என்றார். நான்கு மாதமாக என்னை ஊமை என்றே நினைத்திருக்கிறார்.

திட்டினார். திட்டட்டும், திட்ட வேண்டியதுதான். திட்டி முடித்து உட்கார்ந்து, எத்தனை நாள், எந்த நாள் தின்றது என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். ஆபீசுக்கு எழுத எடுத்த அதே தாளில் எழுதிக்கொண்டார். அதற்காக அவருக்கும் நன்றி. ஏழாம் எண்ணைக் கணக்கிலிருந்து நீக்கினார், கூண்டிலிருந்து நீக்கவில்லை. நாங்கள் இருவரும் வேலையில் இருக்கிறோம்.

7

கதை இங்கே முடியலாம். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த நேரத்தில் அவள் ஏன் காபியைக் கேட்டாள்?

(அ) என் கை மூடியதைப் பார்த்து, எந்தச் சொல்லால் என் வாய் திறக்கும் என்று தெரிந்தே கேட்டாள். அப்படியானால் அந்த நான்கு மாதக் காபியும் தெரிந்தே கொடுத்ததுதான்.

(ஆ) பயம் வந்தால் காபியை நினைக்கிற ஆள் அவள். தானாக வந்துவிட்டது.

எதுவாக இருந்தாலும் என் நன்றி ஒரு துளி குறையாது. தெரியாமல் கொடுத்திருந்தாலும் குடித்தவள் நான்தானே. ஆனாலும் கேட்க ஆசையாக இருக்கிறது. கேட்பதற்குப் பதிலாக இதை எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: அவளுக்குப் படிக்கத் தெரியாது. இந்த நன்றி அவளிடம் போய்ச் சேர வேண்டுமானால் பெட்டியைத் திறந்து, நோட்டை எடுத்துக்கொண்டு போய், நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். முதல் வரியிலிருந்து. தேவமாதா, புகையிலை, கோழித் தீனி எல்லாவற்றையும். நடுவில் சார் மணியைத் தட்டலாம்.

நாளை பதினொரு மணிக்கு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பாள். நான்

(இதற்கு மேல் எழுத மாட்டேன். நோட்டு டிரங்குப் பெட்டியில் காகிதத்துக்கு அடியில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? இப்போது அது பெட்டியில் இல்லை; யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மீதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.)